பழைய பேஸ் கிதாரில் டி, ஜி கம்பிகள் மட்டும் மெலிந்து ஒலிக்கின்றன: பிக்கப் மாற்ற வேண்டுமா?

ரங்கூன் பேஸ்:
வணக்கம். தேவாலயப் பாடல் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். எழுபதுகளில் ஜப்பானில் செய்த பேஸ், ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் வடிவம், என் சித்தப்பாவுடையது. இந்த மழைக்காலத்தில் ஒரு கோளாறு. ஈ, ஏ கம்பிகள் நன்றாக முழங்குகின்றன. டி, ஜி கம்பிகளுக்குப் போனால் சத்தம் பாதியாகிவிடுகிறது. புதுக் கம்பி போட்டேன், ஆம்ப்ளிஃபயரையும் ஒயரையும் மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. பிக்கப்பையே (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றிவிடலாமா? சித்தப்பா கைபட்ட பொருள், கழற்ற மனம் வரவில்லை.

மோல்மீன் கிதார்:
தம்பி, அவசரப்படாதீங்க. 1957இல் ஃபெண்டர் இந்த பேஸுக்குப் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு. மற்றது டி, ஜி கம்பிகளுக்கு. கோளாறு இரண்டு கம்பியில் மட்டும் என்றால் வால்யூம், டோன், ஜாக் எல்லாம் சரி. அந்த ஒரு துண்டைத்தான் பார்க்க வேண்டும். முதலில் அதன் உயரம். அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் நாற்பது வருடத்தில் மக்கிப் பொடியாகிவிடும், துண்டு கீழே இறங்கிவிடும். கடைசி ஃபிரெட்டில் (கழுத்துப் பலகையின் கடைசி உலோகப் பட்டை) ஜி கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் காந்தக் கம்பத்துக்கும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கிறதா பாருங்கள்.

ரங்கூன் பேஸ்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே ஸ்பாஞ்ச் கையில் தூளாக உதிர்ந்தது! செருப்பு ரப்பரை வெட்டி அடியில் வைத்து உயர்த்தினேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை.

மோல்மீன் கிதார்:
சரி, மீட்டரை எடுங்கள். ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் தனித்தனியாக ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். நல்ல துண்டு ஐந்து, ஆறு கிலோ ஓம்ஸ் காட்டும்.

ரங்கூன் பேஸ்:
ஈ, ஏ துண்டு 5.6. டி, ஜி துண்டு 1.3. இரண்டு தடவை பார்த்தேன்.

மோல்மீன் கிதார்:
அப்போ அந்தத் துண்டின் காயில், அதாவது உள்ளே சுற்றிய செம்பு ஒயர்ச் சுருள்தான் போய்விட்டது. ஒயர் அறுந்திருந்தால் இரண்டும் தொடரில் இருப்பதால் நான்கு கம்பியும் ஊமையாகியிருக்கும். இது உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனது. அந்தச் செம்பு ஒயர் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி தடிமன். நம் ஊர் ஈரத்தில் எனாமல் அரித்தால் பச்சை பிடித்துவிடும். மின்விசிறி மோட்டார் சுற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள், அந்த ஒயர் அவர் கையில் அறுந்துவிடும்.

ஜோடியாகப் புதியது வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றலாம், ஆனால் இரண்டு துண்டுக்கும் சுற்றும் திசையும் காந்த முனையும் நேரெதிராக இருந்தால்தான் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்து மறைந்துவிடும். பொருந்தாவிட்டால் கோவிலில் குழல்விளக்கு போட்டதும் ஹம் இரைச்சல் வரும். வாங்கும் முன் பழைய பிக்கப் மூடியின் நீளம், அகலம், திருகுத் துளை இடைவெளி எல்லாம் அளந்துகொள்ளுங்கள். பழைய ஜப்பான் பேஸ்களில் அளவு எப்போதும் ஃபெண்டர் அளவாக இருப்பதில்லை. மரத்தைக் குடைய வேண்டிய நிலை வந்தால் குடையாதீர்கள், வேறு பிக்கப் தேடுங்கள்.

பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். மூடி, காந்தம், திருகு எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சரியான காயில் சுற்றுகிறவர் கிடைத்தால் திரும்ப உயிர் பெறும்.

ரங்கூன் பேஸ்:
நன்றி அண்ணே. மூடியை அளந்தேன், புது ஜோடியின் அளவு ஒத்துப்போகிறது. சித்தப்பா கீறி வைத்த தன் பெயரின் முதலெழுத்து அந்த மூடியின் உட்புறத்தில் இருந்தது. புதிய காயில்களை அந்த மூடிக்குள்ளேயே வைத்து மாட்டப்போகிறேன்.