பழைய சாராய குடோனுக்குள் போனவர்கள் யாராவது உண்டா?

வேலந்தாவளத்தான்:
பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓடு சரிந்து கிடக்குமே, அந்த குடோன்தான். 1996 ஏப்ரல் 1-ல் கேரளத்தில் சாராயத்தை நிறுத்தியதோடு பூட்டிப் போட்டது. மழைக்கு முன்னால் மச்சானோடு பின்பக்க இடிசல் வழியாக உள்ளே போனேன். வௌவால், கரையான், உளுத்த பீப்பாய், எல்லாம் எதிர்பார்த்ததுதான். சுவரில் கரியால் இருப்புக் கணக்கு எழுதியிருக்கிறார்கள், கடைசி வரி 31-3. அதுவும் சரி. மூலையில் ஓர் இரும்பு டேங்க். உடம்பெல்லாம் துரு, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. மூடியில் தொங்கிய பூட்டு மட்டும் புத்தம்புதுசு. தொட்டேன், விரலில் கிரீஸ் ஒட்டியது. மச்சான் ஒன்றும் பேசாமல் டார்ச்சை அணைத்துவிட்டான். அந்தத் தகர டப்பாவுக்கு யார், எதுக்குப் பூட்டுப் போட்டார்கள்? இன்னும் மண்டையைக் குடைகிறது.

மீனாட்சிபுரம் வாசி:
எதுக்கா? வாளையாறு செக்போஸ்டில் கடத்தல் ஸ்பிரிட் (எரிசாராயம்) லாரி பிடிபடும் செய்தியெல்லாம் படிப்பதில்லையா? 2000-ல் கொல்லம் பக்கம் கல்லுவாதுக்கலில் விஷச்சாராயம் குடித்து 31 பேர் செத்தார்களே, அந்தக் கேசில் நிலத்துக்கு அடியிலேயே குடோன் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் எங்கள் கொட்டகையில் வைக்கோலை இழுத்தபோது அடியில் வரிசையாகக் கன்னாஸ், அதாவது ஸ்பிரிட் கேன்கள். தாத்தா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வைக்கோலைத் திரும்ப மூடிவிட்டு, "போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார். அந்த முகம்தான் மறக்கவில்லை.

பொள்ளாச்சி அண்ணன்:
பூட்டு புதுசு என்றால் உடனே கடத்தலா? பழைய இரும்புக்கு இன்றைக்கு என்ன விலை தெரியுமா, தோப்புக்காரரே பூட்டியிருப்பார். நானும் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் இப்படி ஒன்றைப் பார்த்தேன், வாசலோடு திரும்பிவிட்டேன். தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மூடிக் கிடக்கும் இரும்பு டேங்குக்குள் தலையை நீட்டவே கூடாது. துருப்பிடிக்கப் பிடிக்க உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டே போகும். நாற்றம் எதுவும் வராது, நெஞ்சும் அடைக்காது, ஆள் அப்படியே சரிவான். தூக்கப் போகிறவனும் சேர்ந்து விழுவான். கிணற்றில் இறங்கிச் சாகிறார்களே, ஒருவர் பின்னால் ஒருவராக? அதே கதைதான். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஸ்பிரிட் ஆவி மிச்சமிருந்தால் குப்பென்று பற்றும். காலுக்கு ஷூ போடுங்கள். ஓட்டுக் குவியலில் கண்ணாடிவிரியன் படுத்திருக்கும்.

வேலந்தாவளத்தான்:
அண்ணே, டேங்கைத் திறந்தேன் என்று நான் எங்கே எழுதினேன்? தோப்புக்காரர் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறார். தேங்காய் பறிக்கவே ஆள் அனுப்புவதில்லை, அவரா வந்து பூட்டுக்குக் கிரீஸ் போடுவார்?