பாங்காக்கை நீர்வழியே பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஆற்றங்கரை:

பாங்காக் செல்லும் நம்மவர்களில் பலர் காலையில் வாடகைக் காரில் அரண்மனைக்குக் கிளம்பி, பாதி நேரத்தை நெரிசலில் கழித்துவிட்டு, மாலையில் வணிக வளாகங்களோடு நாளை முடித்துக்கொள்கிறார்கள். அந்த நகரத்தை அதன் ஆற்றிலிருந்தும் கால்வாய்களிலிருந்தும்தான் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1782ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் ராமா தலைநகரைத் தோன்புரியிலிருந்து சௌ பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது, ஆற்றின் வளைவை ஒரு பக்கத்து அரணாகவும், வெட்டிய கால்வாய்களை மறுபக்கத்து அகழியாகவும் வைத்தே நகரை அமைத்தார். அதனால் பழைய நகரின் முக்கியமான இடங்கள் பலவும் இன்றும் ஏதேனும் ஒரு படகுத்துறையிலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன.

நானும் என் தந்தையாரும் சபான் தாக்சின் ரயில் நிலையத்தின் கீழே உள்ள சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினோம். அலுவலகம் செல்வோரும் மாணவர்களும் துறவிகளும் ஏறி இறங்கும் பொதுப்படகு அது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனியாக ஓடும் நீலக்கொடிப் படகைவிடக் கட்டணமும் குறைவு. நடத்துநராக இருந்த பெண்மணி சீட்டும் சில்லறையும் வைத்திருந்த நீண்ட உலோகக் குழாயைப் படபடவென்று தட்டியபடி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார். படகின் பின்புறம் நின்ற இளைஞர் விசில் ஒலியாலேயே ஓட்டுநருக்கு வழிகாட்ட, அவ்வளவு பெரிய படகு துறையின் விளிம்பை உரசாமல் அணைந்து நின்றதைத் தந்தையார் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்றுகொண்டு வருவதைக் கவனித்த நடத்துநர், அமர்ந்திருந்த மாணவர் ஒருவரின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். மாணவர் உடனே எழுந்து கைகூப்பி இடம் கொடுத்தார். துறவிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. புதிதாகச் செல்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை வாயில் சில நிமிட நடைதான். மதில் ஓரமாகச் சென்றபோது நன்றாக உடுத்திய ஒருவர் அணுகி, ஏதோ சடங்குக்காக அரண்மனை மதியம் வரை மூடியிருப்பதாகவும், அதுவரை வேறு கோயில்களைக் காட்ட மிகக் குறைந்த கூலியில் டுக்-டுக் என்னும் மூன்று சக்கர வண்டி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அந்த வண்டி இறுதியில் நவரத்தினக் கடைகளுக்கே போய்ச் சேரும் என்பது பாங்காக்கில் பலரும் அறிந்த செய்தி. நன்றி சொல்லிவிட்டு நேரே வாயிலுக்குப் போனோம். அது திறந்துதான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் வாயில்வரை சென்று கண்ணால் பார்த்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருப்பது அங்கே கட்டாயம்.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் உள்ள மரகத புத்தரின் உருவம் 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவங்களுக்கும் அதற்கு மன்னர் உடை மாற்றுவது மரபு. ஆயினும் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, கோயிலைச் சுற்றியுள்ள நடையின் சுவரில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கும், தாய்லாந்து இராமாயணமான ராமகியனின் ஓவியங்களே. பள்ளிச் சிறுவர்களை அழைத்து வந்திருந்த முதிய ஆசிரியர் ஒருவர், தந்தையார் ஓவியத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காண்பதைப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கினார். கும்பகர்ணன் தன் உடலைப் பெருக்கி ஆற்றின் குறுக்கே கிடந்து வானரப் படைக்குத் தண்ணீர் கிடைக்காமல் தடுத்ததாக அவர்கள் கதை சொல்கிறது. கடலில் சேது கட்டும்போது கற்களை அகற்றிய மீன்கன்னி சுவர்ணமச்சா இராவணனின் மகள் என்றும், அனுமன் அவளைக் காதலித்து மணந்தான் என்றும் அவர் சொன்னார். கம்பனிலேயே தோய்ந்த என் தந்தையார் முதலில் திகைத்தார். பிறகு, நம் அனுமன் நித்திய பிரம்மச்சாரி என்று அவருக்கு விளக்கினார். ஆசிரியர் அதைத் தாய்லாந்து மொழியில் சிறுவர்களுக்குச் சொன்னதும் எழுந்த சிரிப்பொலியில் எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த துறையான தா தியனில் இறங்கினால் ஒருபக்கம் வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர். பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். அதே துறையிலிருந்து அக்கரைக்குச் செல்லும் சிறு படகு வாட் அருண் கோயிலில் சேர்க்கும். உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பூவும் கொடியுமாகப் பதித்து மூடிய அந்தக் கோபுரத்தை மாலையில் இக்கரையிலிருந்தும், காலையில் அக்கரையில் அருகிலிருந்தும் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.

கோவைவாசி:

ஐயாவின் பகிர்வைப் படித்ததும், ஆற்றை விட்டு நகரின் நடுவே ஓடும் சேன் சேப் கால்வாயைப் பற்றி எழுதத் தோன்றியது. மூன்றாம் ராமாவின் காலத்தில், 1837இல் தொடங்கி 1840இல் முடிந்த இக்கால்வாய், கம்போடியாவில் வியட்நாமியருடன் நடந்த போருக்குப் படையும் பொருளும் அனுப்புவதற்காக வெட்டப்பட்டது. இன்று பாங்காக்கின் உழைக்கும் மக்கள் நெரிசலைத் தவிர்ப்பது இவ்வழியில்தான். தண்ணீர் கறுத்து நாற்றம் அடிக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. படகு துறையில் சில நொடிகளே நிற்கும். விளிம்பைத் தாண்டித்தான் ஏற வேண்டும். ஆகவே முதியோரையும் கைக்குழந்தைகளையும் இதில் அழைத்துச் செல்லாதீர்கள். மற்றவர்கள் தவறவிடக் கூடாத பயணம் இது. தலைக்கவசம் அணிந்த நடத்துநர்கள் படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே சீட்டுக் கொடுக்கிறார்கள்; தாழ்ந்த பாலங்களின் அடியில் செல்லும்போது கூரையே இறங்குகிறது. எதிர்ப்படகு வரும்போதெல்லாம் பக்கத்திலுள்ள தார்ப்பாயைக் கயிற்றால் இழுத்து உயர்த்துவது ஓரத்தில் அமர்ந்தவரின் பொறுப்பு. எனக்கு முன் இருந்த அலுவலக உடை அணிந்த அம்மையார் அதை இழுத்துக் காட்டி, பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தம் தொலைபேசிக்குத் திரும்பினார். இறங்கும் வரை அந்த வரிசைக்கு நானே பொறுப்பாளன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஹுவா சாங் துறையில் இறங்கினால், தாய்லாந்துப் பட்டுத் தொழிலை உலகறியச் செய்து, 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமற்போன ஜிம் தாம்சனின் தேக்கு வீடுகளுக்கு நடந்தே போகலாம். அவற்றைப் பார்ப்பவர்கள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். கால்வாயின் அக்கரையில் உள்ள பான் குருவா, அவருக்காகப் பட்டு நெய்த சாம் இன முஸ்லிம்களின் குடியிருப்பு. அங்கே ஒரு சந்தில் தறியோசை கேட்டு நின்றேன். வாசலில் நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பாட்டியார் உள்ளே வரும்படி சைகை காட்டினார். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் படத்தை என் கைபேசியில் காட்டியதும், கரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, பின் தறியில் இருந்த துணியின் கரையை எனக்குச் சுட்டிக்காட்டினார். எங்களுக்குப் பொதுவான மொழி எதுவும் இல்லை. அப்படியும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்றே சொல்வேன். அங்கே செல்பவர்கள் அது மக்கள் வாழும் இடம் என்பதை மனத்தில் வைத்து, கேட்காமல் படம் எடுக்காமல் இருக்க வேண்டும்.

மார்கழி:

சகோதரர் சொன்ன கால்வாய்ப் படகு முடியும் துறை பான் ஃபா. அங்கிருந்து பொன்மலைக் கோயிலும், 37 உலோகக் கூர்ங்கோபுரங்கள் கொண்ட லோகப் பிராசாதமும் பக்கம்தான். இன்னும் சற்று நடந்தால் சிவப்பு நிறப் பேரூஞ்சல் தெரியும். இதில் ஆடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டுவிட்டது; இப்போது நிற்கும் தேக்குத் தூண்கள் 2007இல் புதிதாக நிறுத்தப்பட்டவை. எல்லோரும் இதைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிரே 1784இல் கட்டப்பட்ட தேவஸ்தானத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். சிவனுக்கும் விநாயகருக்கும் நாராயணருக்கும் தனித்தனியாக மூன்று சந்நிதிகள் அங்கே இருக்கின்றன. அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் அங்கே நடத்தும் திரியம்பாவை, திரிபாவைச் சடங்குகள் நம் திருவெம்பாவையிலிருந்தும் திருப்பாவையிலிருந்தும் சென்றவை.

வெள்ளுடை உடுத்திக் குடுமி வைத்திருந்த பெரியவர் ஒருவர் சந்நிதி வாசலில் இருந்தார். உடன் வந்த தாய்லாந்துத் தோழி மூலம் நான் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பதைச் சொன்னேன். தம் முன்னோர் தெற்கே நக்கோன் சி தம்மராட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், ஓதும் பாடல்களை மூத்தவர் வாயிலாகக் கேட்டே கற்றதாகவும், பொருள் தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். நான் திருவெம்பாவையின் முதல் பாடலை மெதுவாகப் பாடினேன். அவர் கண்மூடிக் கேட்டார். பின்னர் தாம் ஓதும் ஒரு பகுதியைச் சொன்னார். ஒலிகள் வெகுவாக மாறியிருந்தன, என்னால் ஒரு சொல்லைக்கூட உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. எனினும் நம் பாடலின் பொருளைத் தோழி மூலம் கேட்டு, அவர் அதைத் தாய்லாந்து எழுத்தில் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஆற்றங்கரை:

அம்மா, இதைப் படித்தபின் தந்தையாரை மறுமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் சைவ உணவு மட்டுமே கொள்பவர். சென்ற முறை எங்களுக்கு உதவியது, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகள்தாம். அங்கே மீன்சாறு, முட்டை மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. தேவஸ்தானத்தின் அருகில் அப்படிக் கடை ஏதும் இருந்ததா என்று தெரிவிப்பீர்களா?

மார்கழி:

தேவஸ்தானத்தின் வாசலில் நான் பார்க்கவில்லை ஐயா. சீனர் தெருவான யாவராட் பக்கம் நிறைய உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் சைவ உணவு விழாவின்போது அத்தெரு முழுவதும் மஞ்சள் கொடிதான். ஆற்றுப்படகில் ராட்சவோங் துறையில் இறங்கி நடந்துவிடலாம். தந்தையாருக்குக் கால்வாய்ப் படகு வேண்டாம்.