எச்ஆர் ஆராய்ச்சியால தொழிலாளிக்கு ஏதாச்சும் நல்லது நடந்திருக்கா?

கேள்வி (பனியன் கம்பெனி எச்ஆர்):
திருப்பூர்ல எச்ஆரா இருக்கேனுங்க. தீபாவளி போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போறவங்கள்ல நிறைய பேரு திரும்ப வர்றதே இல்ல. ஏன் போறாங்கன்னு ஒரு சர்வே எடுக்கலாமான்னு கேட்டா, அதெல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட்டும்மா, நீ போயி ஆள் புடிச்சுட்டு வான்றார் முதலாளி. இத வச்சு எங்கயாவது நெசமாவே மாறியிருக்குங்களா?

பதில் 1:
மாறியிருக்குங்க. நம்ம நாட்டுலயே ஒரு கார்மென்ட்ஸ்ல சம்பளம் எதிர்பார்த்தத விட கம்மியா ஏறுன சமயத்துல, அச்யுதா அத்வர்யுங்கற பொருளாதார ஆராய்ச்சியாளரோட டீம் சீட்டு குலுக்கற மாதிரி கொஞ்சம் பேர மட்டும் எடுத்து, பேரே கேக்காம, வேலை எப்படி இருக்கு, சூப்பர்வைசர் எப்படி நடத்துறார்னு கேட்டாங்க. அவ்ளோதான் பண்ணுனது. கேள்வி கேக்கப்படாதவங்கள விட இப்படி கருத்து சொன்னவங்க வேலைய விட்டது கம்மி, லீவு போட்டதும் கம்மி, அதுவும் சம்பளம் ஏறுனதுல யாரு ரொம்ப ஏமாந்து போயிருந்தாங்களோ அவங்ககிட்டதான் வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது.

பதில் 2 (ஓவர்லாக் டைலர்):
பேர் கேக்காம கேட்டாங்க பாருங்க, அதுதாங்க விஷயம். நான் முன்ன இருந்த கம்பெனில பேப்பர் குடுத்தாங்க, லைன் இன்சார்ஜ் முதுகுக்குப் பின்னாடியே நின்னாரு, லைன் மொத்தமும் எல்லாத்துக்கும் "நன்று"ன்னு டிக் போட்டோம். அன்னைக்கு ஒன்றரை ஷிப்டுன்னு (வழக்கமான ஷிப்டுக்கு மேல இன்னும் அரை ஷிப்டு) சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் சொன்னாங்க, பாப்பாவ யாரு கூட்டிட்டு வருவான்னு மிஷின்ல உக்காந்துட்டே மூணு வீட்டுக்குப் போன் போட்டேன். அத எழுத அந்தப் பேப்பர்ல எடமே இல்ல.

பதில் 3:
டைலர் அக்கா சொன்ன கடைசி நேர ஷிப்ட் பிரச்சனையத்தான் அமெரிக்காவுல கேப் (Gap)ங்கற துணிக்கடைல பரிசோதிச்சாங்க, 2015-16ல, சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பக்கம் 28 கடை. டீம்ல சரவணன் கேசவன்னு ஒரு பேராசிரியரும் இருந்தார். எல்லா கடைலயும் ஷிப்ட்ட 2 வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க, அதுல 19 கடைல மட்டும் வேலை நேரத்த முடிஞ்சவரை நிலையா வச்சு, அவசரம்னா ஆளுங்களே போன்ல ஷிப்ட் மாத்திக்க விட்டாங்க. மத்த 9 கடையோட பாத்தா விற்பனை 7 சதவீதம் கூடுச்சு. கடைசி நிமிஷ மாத்தத்துக்கு காரணம் கஸ்டமர் மட்டும் இல்ல, லோடு வர்ற நேரம், பெரிய அதிகாரி விசிட்டுன்னு ஹெட் ஆபீஸ் பண்றதுதான் நிறையன்னும் கண்டுபுடிச்சாங்க. நம்ம ஊர்லயும் சாயப்பட்டறைல இருந்து துணி லேட்டா வந்தா அந்த சுமை டைலர் தலைலதானங்க விழுது?

கேள்வி கேட்டவர்:
இந்த 7 சதவீதத்த முதலாளிகிட்ட காட்டறேனுங்க, அதுக்குக் காது குடுப்பார். பேர் இல்லாத பேப்பர், பெட்டிய கேன்டீன்கிட்ட வச்சுடறேன், இன்சார்ஜ் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, ஒன்றரை ஷிப்டு எப்ப சொல்லணும்ங்கறதுதான் முதல் கேள்வி. கைமடி (டைலருக்கு உதவிக்கு இருக்கற) பொண்ணுங்க பாதிப் பேரு ஒடிசாங்க, தமிழ் படிக்க வராது, அவங்ககிட்ட இன்சார்ஜ் இல்லாம எப்படிக் கேக்கறது?