மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியைச் செவ்வியல் தாராளவாதி என்று சொல்லலாமா?

வைகைக்கரையான்:
செவ்வியல் தாராளவாதம், அதாவது தனிமனித உரிமையிலும் வணிகத்திலும் அரசு குறைவாகவே தலையிட வேண்டும் என்ற கொள்கை, பற்றிப் பேச்சு எழுந்தால், இந்தியாவில் அதற்கு ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். 1952-இல் சென்னை மாநிலத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கி, பின்னாளில் 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' (எத்தொழிலுக்கும் அரசின் அனுமதி கேட்கும் ஆட்சி) என்று நேரு அரசைச் சாடிய ராஜாஜிதான், 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கையும் கொண்டுவந்தார். அரிசி வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, ஆனால் கள்ளுக்கடையை மூடலாம் என்பது எப்படிப் பொருந்தும்?

ஏட்டுச்சுவடி:
பொருந்தாது என்பதே என் கருத்து. 1859-இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் ஆங்கிலேயத் தாராளவாதச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மதுவிலக்குச் சட்டத்தைப் பெயர் சொல்லியே மதுவிலக்கை மறுக்கிறார். விற்பவனைத் தடுப்பதாகச் சொன்னாலும் உண்மையில் பறிபோவது வாங்குபவனின் உரிமை என்பது அவர் வாதம். மேலும், கள்ளுக்கடை வருவாய் போனதை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-இல் விற்பனை வரியைப் புகுத்தியது. ஒரு தடை, அதன் பின்னாலேயே ஒரு வரி!

நடுவாந்திரம்:
ஏட்டுச்சுவடி அவர்கள் ராஜாஜியையும் கட்சியையும் ஒன்றாக்கிவிட்டார். மதுவிலக்கில் ராஜாஜி காந்தியின் சீடர். அங்கே மில்லைத் தேடிப் பயனில்லை. கட்சி பிறந்ததோ வேறொரு அச்சத்தில். 1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ், உழவர்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியதும், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உழவர்கள் கலங்கினார்கள். அதனால்தான் விவசாயிகள் தலைவரான என்.ஜி. ரங்கா அக்கட்சியின் தலைவரானார். உழைப்பைக் கலந்து பண்படுத்திய நிலம் உழைத்தவனுக்கே உரியது என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் சொத்துரிமைக் கருத்து இங்கே அச்சாகப் பொருந்துகிறது. (1962-இல் அக்கட்சி வென்ற 18 மக்களவைத் தொகுதிகளில் சில, மன்னர்களின் செல்வாக்கால் வந்தவை, அவர்கள் எந்த வயலில் உழைப்பைக் கலந்தார்கள் என்று லாக் கேட்டிருக்கக்கூடும்.) கட்சியின் 21 கொள்கைகளுக்கு வெளியே உள்ள எதிலும் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்று விதியே இருந்தது. கொறடாவுக்கு அஞ்சும் இன்றைய உறுப்பினர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

வைகைக்கரையான்:
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்த தி.மு.க.வோடு அக்கட்சி கூட்டணி வைத்ததே?

ஏட்டுச்சுவடி:
அது காங்கிரஸை வீழ்த்துவதற்கான தேர்தல் கணக்கு. கொள்கையை அதில் தேட வேண்டியதில்லை. அந்தத் தி.மு.க. அரசே 1971-இல் வருவாயைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்தியது, ராஜாஜி எதிர்த்தார். இங்கும் மில் ராஜாஜியின் பக்கம் இல்லை: வருவாய்க்காக மதுவுக்கு வரி போடலாம் என்று அவர் அதே நூலில் ஒப்புக்கொள்கிறார்.