புதுப்பிப்பு: புல்தரையில் படர்ந்திருப்பது பொடுதலைதான்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் புல்தரையில் சிறு வெண்பூக்களுடன் படரும் களை எதுவென்று முன்பு கேட்டிருந்தேன்; பொன்னாங்கண்ணி என்றும் பொடுதலை என்றும் இரு விடைகள் வந்தன. ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்ததில் ஐயம் நீங்கியது. பொன்னாங்கண்ணியின் பூக்கள் காம்பின்றி இலைக்கக்கத்திலேயே, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்திலேயே, ஒட்டியிருக்கும். இதிலோ இலைக்கக்கத்திலிருந்து நீண்டெழும் காம்பின் நுனியில் கருஞ்சிவப்பான சிறு கொண்டையும், அதைச் சுற்றி வளையமாக வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களும் உள்ளன. இலையின் மேற்பாதியில் மட்டும் பற்கள் தெரிகின்றன. ஆகவே இது பொடுதலையே. கணுதோறும் வேர்விடுவதால் புல்வெட்டும் இயந்திரத்துக்கு இது மசிவதில்லை. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியால் வேரோடு எடுக்க வேண்டும். நடைபாதையோரத்தில் மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேனீக்கள் மொய்க்கும் மற்ற பகுதியை விட்டுவைப்பதே சரியெனப் படுகிறது, பொடுகுத் தைலம் காய்ச்ச இலை கேட்டு அண்டைவீட்டார் வேறு காத்திருக்கிறார்கள்.