புதுப்பிப்பு: சூடேறினால் நின்றுவிடும் பழைய கார்

நான் வாங்கிய பழைய கார், எஞ்சின் சூடேறியதும் ஓட்டத்திலேயே அணைந்துபோவதையும், சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் கிளம்புவதையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பேட்டரியையும், எஞ்சின் ஓடும்போது அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கும்படி பலர் அறிவுறுத்தியிருந்தீர்கள். எஞ்சின் அணைந்திருக்கையில் 12.6 வோல்ட்டும், ஓடும்போது 14.2 வோல்ட்டும் காட்டியதால், அவ்விரண்டின் மீதும் குறை சொல்ல இடமில்லை. எரிபொருள் பம்பை முந்தைய மெக்கானிக் ஏற்கெனவே மாற்றிவிட்டார் (பணம் போனதுதான் மிச்சம்).

இப்போது சந்தேகம் கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) சென்சார் மீது விழுந்துள்ளது. கிராங்க்ஷாஃப்ட்டின் சுழற்சியை எஞ்சினின் கணினிக்குத் தெரிவிக்கும் இந்தச் சிறு பாகத்தினுள் இருக்கும் கம்பிச்சுருள் வெப்பத்தில் விரிந்து தொடர்பு அறுந்தால், தீப்பொறியும் எரிபொருளும் ஒருசேர நின்றுவிடும். ஆறியதும் தொடர்பு கூடிவிடும். வண்டி நின்ற கையோடு ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது, எஞ்சினின் கணினித் தகவலைக் காட்டும் ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை; அதாவது சென்சாரிலிருந்து தகவலே வரவில்லை. பணிமனையில் மட்டும் சமர்த்தாக ஓடிவிட்டு, வீடு திரும்பும் வழியில் தன் வேலையைக் காட்டுவதுதான் எரிச்சலின் உச்சம்.

சென்சாருடன் அதன் இணைப்புக் கம்பியையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகும் நின்றால் விற்றுவிடுவேன். ஆனால் எனக்கு விற்றவர் மறைத்த இந்தக் குறையை, வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்பேன்.