ஓஜி (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) எடுத்தவங்க உண்மையைச் சொல்லுங்க

இன்டர்ன்: லேபர் வார்டு போஸ்டிங் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா "நல்ல ரேங்க் வந்தா ரேடியாலஜியோ ஸ்கின்னோ எடு"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சீட்டுக்குப் போட்டியும் இருக்கு, எடுத்தவங்க புலம்பவும் செய்றாங்க. எதை நம்புறது?

கடைசி வருஷ பிஜி (ஓஜி மேற்படிப்பு): ரெண்டுமே நிஜம்தான். சீட்டுக்கு அப்புறமும் ஒரு போட்டி இருக்கு, ஆபரேஷன் தியேட்டர்ல. பிரசவம் பார்த்துப் பார்த்துக் கை சலிச்சுடும். கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன்ல கத்தி நம்ம கைக்கு வர்றதுக்குத்தான் அடிதடி. சின்னத் துளை வழியா பண்ற லேப்ராஸ்கோபின்னா கேமரா பிடிச்சே காலம் ஓடிடும்.

போன மாசம் ஒரு ராத்திரி. குழந்தையோட தலை வெளிய வந்துச்சு, உடனே ஆமை மாதிரி உள்ள இழுத்துக்கிச்சு. தோள் மாட்டிக்கிச்சு. ஒரு சிஸ்டர் நேரத்தைச் சத்தமா சொல்லிட்டே இருந்தாங்க. ரெண்டு பேர் அம்மாவோட தொடையை வயித்தோட மடக்கிப் பிடிச்சாங்க, இன்னொருத்தர் அடிவயித்து எலும்புக்கு மேல அழுத்தினாங்க. தோள் நழுவுச்சு, குழந்தை அழுதுச்சு. சந்தோஷப்பட நேரமில்லை, அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. இந்த மாதிரி பிரசவத்துல அது பின்னாடியே வரும்னு ஆக்சிடோசின், டிரனெக்சாமிக் ஆசிட் எல்லாம் தயாரா வச்சிருந்தோம். நின்னுச்சு. டூட்டி முடிஞ்சும் கேஸ் ஷீட்டோடதான் உட்கார்ந்திருந்தேன்: தலை எந்த நிமிஷம், தோள் எந்த நிமிஷம், எல்லாம் எழுதணும்.

கன்சல்டன்ட்: அந்த எழுத்து முக்கியம்மா. அரைத் தூக்கத்துல நாம பார்த்த சிடிஜி தாளை (குழந்தையோட இதயத்துடிப்புப் பதிவு) வருஷங்கழிச்சு வக்கீல் ஏசி ரூம்ல நிதானமா பார்ப்பார்.

தனியா பிராக்டிஸ் பண்ணினப்ப ஒவ்வொரு பேஷன்டும் "டாக்டர், நீங்களேதான் வரணும்"பாங்க. போன் பாத்ரூம் வரைக்கும் கூட வரும். இப்ப குழுவா ஷிப்ட் போட்டுப் பார்க்கிறோம். பிரசவ நேரத்துல முன்பின் தெரியாத டாக்டர் நிக்கலாம். சிலருக்கு அதுல வருத்தம். எனக்கு வருமானம் குறைஞ்சது, தூக்கம் வருது.

பிரசவமே வேண்டாம்னு ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு), புற்றுநோய் ஆபரேஷன் பக்கம் போறவங்களும் உண்டு. அந்த சீட்டுக்கும் போட்டி கடுமைதான். ஐவிஎஃப்ல நிம்மதின்னு நினைக்காதீங்க. கடைசி ஊசி போட்டா ஏறக்குறைய 36 மணி நேரத்துல கருமுட்டையை எடுத்தாகணும், ஞாயித்துக்கிழமையா இருந்தாலும்.

ஆண் ஓஜி: ஓபியில "லேடி டாக்டர் இல்லையா?"ன்னு கேட்பாங்க. பயிற்சியில எனக்குப் பரிசோதனை வாய்ப்பு அதனாலயே கம்மி. தொப்புள்கொடி முன்னாடி சரிஞ்சு வந்து சிசேரியனுக்கு ஓடின ராத்திரி யாரும் அதைக் கேட்கல.

சேருறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற கடைசி வருஷத்துக்காரங்ககிட்ட ரெண்டு கேளுங்க: கர்ப்பப்பை ஆபரேஷன் எத்தனை நீங்களே பண்ணீங்க, நைட் டூட்டிக்கு மறுநாள் லீவு நிஜமாவே கிடைக்குதா.